ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் குடும்பத்தோடு முழுநேரம் வாழ்வதில் என்னென்ன சங்கடங்கள் வரும்?

உங்கள் கணவருக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. டெக்சாஸில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் பெரிய டிரெய்லர் ஒன்று வாங்கி, இரண்டு மூன்று வருடம் அமெரிக்கா முழுக்கச் சுற்றிக்கொண்டே வாழலாமா என்று யோசிக்கிறீர்கள். "சூரிய அஸ்தமனப் படங்கள் நிறையப் பார்த்தாயிற்று, கஷ்டங்களை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, கஷ்டங்களை மட்டுமே சொல்கிறேன்.

2018 ஜூலையிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை நாங்கள் அப்படித்தான் இருந்தோம். 34 அடி நீளத்தில் 2013 மாடல் டிரெய்லர், அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப், நாலு பேர். கிளம்பும்போது மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. பட்டனை அமுக்கினால் பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட்டையும் சேர்த்தால் உள்ளே சுமார் 300 சதுர அடி. போனது தப்பு என்று நானும் கணவரும் நினைக்கவில்லை. மகளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

வீட்டில் இருக்கும்போது கார் மக்கர் செய்தால் கார் மட்டும்தான் மக்கர். ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கலாம். ஆர்.வி.யில் வீடு, வண்டி, ஆபீஸ், பள்ளிக்கூடம் நாலும் ஒரே பெட்டிக்குள். ஒன்று நின்றால் நாலும் நிற்கும். யூட்டாவில் ஒரு காலைப் பொழுதில் எங்கள் ஸ்லைடு-அவுட் பாதி உள்ளே வந்து நின்றுவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு சாலையில் போக முடியாது. அடியில் படுத்து, கைப்பிடியை மாட்டிச் சுற்றிச் சுற்றி, ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே தள்ளினார் என் கணவர். உள்ளே தள்ளியதும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்க இடமில்லை, பிள்ளைகளின் படுக்கைக்குப் போக வழியில்லை. ஒர்க்ஷாப்பில் விட்டோம். மோட்டார் வர மூன்று வாரம் என்றார்கள். அந்த மூன்று வாரமும் மோட்டலில் ஒரே அறை. அவர் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து மீட்டிங் பேசினார், மகன் கட்டிலின் மேல் கணக்குப் போட்டான். மோட்டார் விலையைவிட மோட்டல் பில் அதிகம்.

பழைய வண்டி என்பதால் எங்களுக்கு வாரன்டி கிடையாது. புதிதாக வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல கம்பெனிகளின் வாரன்டித் தாளில், வண்டியை நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இன்ஷூரன்ஸிலும் இதே கதை. விடுமுறைக்கு மட்டும் ஓட்டுபவர்களுக்கான பாலிசி போதாது, முழுநேரம் வசிப்பவர்களுக்கென்று தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது எடை. கதவருகே மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், இவ்வளவு எடைக்கு மேல் சாமான் ஏற்றாதே என்று. எங்களுடையதில் 1,600 பவுண்டு. கேட்க நிறைய மாதிரித் தெரியும். ஆனால் ஒரு கேலன் தண்ணீரே 8.3 பவுண்டு. 50 கேலன் தொட்டியை நிரப்பினால் அதிலேயே 400 பவுண்டுக்கு மேல் போய்விடும். அப்புறம் நாலு பேர் துணி, பாத்திரம், சைக்கிள்கள், பாடப் புத்தகங்கள். புத்தகம் எவ்வளவு கனம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. டயர்களையும் சரியாகப் பார்க்கவில்லை. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்ததால் விட்டுவிட்டோம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணில் கடைசி நாலு இலக்கம்தான் அதன் பிறந்த தேதி. எங்களுடையதில் 2812, அதாவது 2012-ஆம் வருடம் 28-ஆவது வாரம். ஆறு வயது டயர், அளவுக்கு மீறிய பாரம், வயோமிங் வெயில். லாரமிக்கு மேற்கே ஐ-80 நெடுஞ்சாலையில் வெடித்தது. கிழிந்த ரப்பர் சும்மா போகாமல் அடித்தகட்டையும் கழிவுநீர்க் குழாயையும் பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்தில் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது டிரெய்லரே ஆடும். பிள்ளைகளைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார வைத்துவிட்டு நாலு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு டிரக் ஸ்டாப்பில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 700 பவுண்டு கூடுதல். அன்றைக்கே வேண்டாத சாமானைக் கழித்தோம். எது வேண்டாதது என்பதில் ஒரு சண்டை.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கொலராடோவில், டுராங்கோ பக்கம் இருந்தோம். டாய்லெட் கழிவு சேரும் பிளாக் டேங்க்கின் வால்வை மூடி வைத்து, நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுவதுதான் முறை. எப்போதும் திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் வழிந்து போய்க் கெட்டியானது உள்ளேயே குவியும். எங்களுக்கு அது தெரியாது, திறந்தே வைத்திருந்தோம். ராத்திரி மைனஸ் 11 டிகிரி. சொட்டுச் சொட்டாக வழிந்தது குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. விடிகாலை ஐந்து மணிக்கு என் கணவர் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார், கையில் என் ஹேர் டிரையர். நான் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து மகன், "அம்மா, இப்ப பாத்ரூம் போலாமா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறான். அந்த ஹேர் டிரையரை நான் அப்புறம் தொடவில்லை. 30 பவுண்டு புரொபேன் சிலிண்டர் ஒன்று, உள்ளே சூடேற்றும் ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் ஒரு நாள்கூட முழுசாகத் தாங்காது. நாலு பேர் மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் தண்ணீராக இறங்கும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பூஞ்சணம். மகனுக்கு இருமல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதெல்லாம் பணத்தாலும் பழக்கத்தாலும் சரியாகிற சமாச்சாரம். ஒரு வருடத்தில் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் காதுக்குப் பழகிவிட்டது. சரியாகாத விஷயங்கள் வேறு.

எங்கள் முதல் பெரிய சண்டை ரிவர்ஸ் எடுப்பதில் வந்தது. பின்னால் தள்ளும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். அவர் ஓட்டுகிறார், நான் பின்னால் நின்று கை காட்டுகிறேன். "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துகிறேன். எதன் லெஃப்ட்? நான் சொல்வது டிரெய்லரின் பின்புறம் போக வேண்டிய பக்கத்தை, அவர் லெஃப்டில் ஒடிப்பது ஸ்டீயரிங்கை. டிரெய்லர் மின்சாரக் கம்பத்தை நோக்கிப் போகிறது. சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கம்பக்கத்தார், சாயங்காலப் பொழுதுபோக்கு கிடைத்த சந்தோஷத்தில் பார்க்கிறார்கள். எட்டு மணி நேரம் பயணம் செய்த அலுப்பு வேறு. அவர் ஒன்று சொல்ல, நான் பதிலுக்கு ஒன்று சொல்ல, 15 வருடத்துப் பழைய கணக்கெல்லாம் அந்தக் கம்பத்தடியில் வெளியே வந்தது. பிறகு விதி வைத்துக்கொண்டோம். லெஃப்ட், ரைட் என்ற வார்த்தையே கூடாது, "டிரைவர் பக்கம்", "மரத்துப் பக்கம்" என்றுதான் சொல்ல வேண்டும். கத்தக் கூடாது, போனில் பேச வேண்டும். நான் கண்ணாடியில் தெரியாவிட்டால் அவர் பிரேக் போட வேண்டும். அப்புறம் அந்தச் சண்டை வரவில்லை.

மற்ற சண்டைகள் வந்தன. வீட்டில் சண்டை வந்தால் ஒருவர் மாடிக்குப் போவோம், ஒருவர் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவோம். கோபம் ஆறுவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. டிரெய்லரில் கோபித்துக்கொண்டு எழுந்தால் நாலு எட்டில் கட்டில், அதற்கப்பால் சுவர். கதவு என்று இருப்பது அட்டை மாதிரி ஒரு தடுப்பு. குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டோம். பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனாலேயே பாதி பேசாமல் விழுங்கினோம். விழுங்கியது ஒரு வாரம் கழித்து வேறு பெயரில் வரும். நான் கண்டுபிடித்த வழி, வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டின் லாண்டரி அறை. துணிக்கூடையையும் சில்லறைக் காசையும் எடுத்துக்கொண்டு போனால் வாஷரும் டிரையரும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒருவரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சில நாள் அழுக்குத் துணியே இல்லாமல் போயிருக்கிறேன். அவருக்கு பிக்கப்பின் முன் சீட்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு பாடம் மான்டனாவில். 2019 ஜூலை, கிளேசியர் தேசியப் பூங்கா பக்கம் இருந்தோம். அங்கே புகழ்பெற்ற கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. பிக்கப்பும் அதைவிட நீளம், அதனால் ஷட்டில் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். இப்படி வாசலில் வந்து திரும்புவது இந்த வாழ்க்கையில் சகஜம். மறுநாள் என் மாமனாருக்கு பக்கவாதம் என்று போன். என் கணவர் காலிஸ்பெல்லில் விமானம் ஏறிவிட்டார். நானும் பிள்ளைகளும் டிரெய்லரும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் முன்பதிவு முடிகிறது. ஜூலையில் அந்தப் பக்கம் ஒரு இடம்கூடக் காலியில்லை, அரசு கேம்ப்கிரவுண்டுகளில் பல இடங்களை ஆறு மாதம் முன்னாலேயே பிடித்துவிடுவார்கள். நான் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டியதில்லை, இழுத்து ஓட்டியதும் இல்லை. பக்கத்து வண்டியில் இருந்த ஒரு வயதான தம்பதிதான் டிரெய்லரையும் பிக்கப்பையும் இணைக்கும் ஹிட்ச்சை மாட்டிக் கொடுத்து, 60 மைல் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு பண்ணையில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அன்று ராத்திரி வரை நடுங்கியது. நீங்கள் இரண்டு பேரும் எல்லா வேலையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் ஓட்டுவது, ஒருவர் சமைப்பது என்று பிரித்துக்கொள்வது சௌகரியம்தான், ஒருவர் இல்லாத அன்று வீடே நகராது.

இனி மகள். மகனுக்கு அந்த மூன்று வருடமும் திருவிழா. ஆறு வயதுப் பையனுக்கு அப்பாவும் அம்மாவும் கூடவே இருந்தால் போதும். மகளுக்கு அப்படி இல்லை. முதல் ஆறு மாதம் எங்கே போனாலும் அரை மணி நேரத்தில் சிநேகிதம் பிடித்துவிடுவாள். நாலு நாளில் நாங்கள் கிளம்புவோம், அல்லது அவர்கள் கிளம்புவார்கள். போன் நம்பர் வாங்கி வருவாள், இரண்டு வாரம் செய்தி போகும் வரும், அப்புறம் நின்றுவிடும். ஒரு வருடம் கழித்து அரிசோனாவில், குவார்ட்சைட் பக்கத்துப் பாலைவனத்தில் இருந்தோம். பக்கத்து டிரெய்லரில் அவள் வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு பேரும் இரண்டு நாள் சேர்ந்து சைக்கிள் ஓட்டினார்கள், ராத்திரி நெருப்பருகே உட்கார்ந்து சிரித்தார்கள். "அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டேன். "கேக்கலம்மா. வியாழக்கிழமை போயிருவாங்க."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அதன் பிறகு வேகத்தைக் குறைத்தோம். ஒரே ஊரில் ஒரு மாதம், சில இடங்களில் மூன்று மாதம். மாத வாடகை நாள் வாடகையைவிட மலிவு என்பதால் செலவும் குறைந்தது. ஃபுல்டைம் ஃபேமிலீஸ் என்று, பிள்ளைகளோடு இப்படி வாழும் குடும்பங்களுக்கான அமைப்பு இருக்கிறது. அவர்கள் கூடும் இடங்களுக்குப் போனால் அதே முகங்களைத் திரும்பப் பார்க்கலாம். அது கொஞ்சம் உதவியது. ஆனால் வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அவளுக்கு இருந்தது மேல் படுக்கையும் ஒரு திரைச்சீலையும். உடை மாற்ற அந்தக் குட்டி பாத்ரூம், வெளியே தம்பி கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். உங்கள் மகளுக்கு 13 என்கிறீர்கள். டிரெய்லர் பார்க்கப் போகும்போது சமையல் மேடையைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் படுக்கும் பங்க் ரூமுக்குக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.

காகித விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலையான வீடு இல்லாவிட்டாலும் சட்டப்படி ஒரு மாநிலத்தில் குடியிருப்பு வேண்டும். பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது, உறுப்பினர்களுக்கு முகவரி கொடுத்து, அங்கே வரும் தபாலை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். வீட்டில் வைத்துப் படிப்பிக்க டெக்சாஸ்தான் சுலபம், மாநில அரசுக்குத் தகவல் சொல்லவும் வேண்டாம், தேர்வும் இல்லை. ஃபுளோரிடாவில் முன்னறிவிப்பும் வருடாந்திர மதிப்பீடும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே டெக்சாஸ் என்பதால் அப்படியே இருங்கள். கிரீன் கார்டில் இருந்தால் முகவரி மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஹெச்-1பி என்றால் இந்த யோசனையே வேண்டாம், வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்ட விசா அது. கணவரின் கம்பெனியிடமும் முன்னாலேயே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த மாநிலம் வரி கேட்கலாம்.

மருத்துவ இன்ஷூரன்ஸில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பல திட்டங்களின் டாக்டர் பட்டியல் ஒரு மாநிலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியூரில் எமர்ஜென்சி என்றால் பார்ப்பார்கள், அதற்கு மேல் கிடையாது. 2019 அக்டோபரில் ஆரிகனில் மகன் மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். எமர்ஜென்சியில் கட்டுப் போட்டதற்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தது. மறுவாரம் எக்ஸ்ரே, அதற்கடுத்த வாரம் கட்டு மாற்றுவது, இதற்கெல்லாம் எங்கள் கைக்காசு. 2022 முதல் எமர்ஜென்சி சிகிச்சைக்கு எதிர்பாராத கூடுதல் பில் போடக் கூடாது என்று மத்தியச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் சாலையில் வரும் ஆம்புலன்ஸ் அதில் சேராது. வேறு மாநிலங்களிலும் செல்லும் திட்டம் கணவரின் கம்பெனி வழியாகக் கிடைத்தால், கிளம்புவதற்கான பெரிய தடை ஒன்று நீங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் வேறு மாதிரி ஒரு பயம் வந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள், எங்கள் வீடு நின்ற கேம்ப்கிரவுண்டை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் அவகாசம். அடுத்த மாநிலத்திலும் அரசுப் பூங்காக்கள் மூடல், தனியார் ஆர்.வி. பார்க்குகளில் சில புதிதாக யாரையும் எடுக்கவில்லை. 16 இடத்துக்குப் போன் செய்த பிறகு டெக்சாஸில் ஒரு பார்க் கிடைத்து, ஆகஸ்ட் வரை அங்கேயே கிடந்தோம். அங்கேதான் மகளுக்கு ஐந்து மாதம் மாறாத ஒரு சிநேகிதி கிடைத்தாள். ஊரே முடங்கிய அந்த வருடம்தான் பயணத்திலேயே நல்ல வருடம் என்று இன்றைக்கும் சொல்வாள்.

செலவைப் பற்றி ஒன்றே ஒன்று. வாடகை மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். இழுத்துக்கொண்டு போகும்போது எங்கள் வண்டி கேலனுக்கு 10 மைல் கொடுத்தால் அதிகம். ரிப்பேருக்கென்று மாதாமாதம் எடுத்து வைத்த பணம் ஒரு வருடமும் மிஞ்சவில்லை.

வீட்டை விற்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள், வண்டியையும் உடனே வாங்க வேண்டாம். உங்கள் மனதில் இருக்கும் அளவிலேயே ஒரு டிரெய்லரை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஜூனில் எடுக்காதீர்கள், நவம்பரில் எடுங்கள். விடுமுறை போடாமல் கணவர் வேலை பார்க்கட்டும், பிள்ளைகள் பாடம் படிக்கட்டும், நீங்கள் இரண்டு தடவையாவது ரிவர்ஸ் எடுங்கள். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளாவது விடாமல் மழை பெய்தால் நல்லது. அன்றைக்கு ராத்திரி எல்லோரையும் உட்கார வைத்துப் போகலாமா என்று கேளுங்கள். மகளிடம் முதலில் கேளுங்கள், தம்பி இல்லாதபோது.